குளிக்கப் போகுமுன் படுக்க இடம் பாருங்கள்

"ஏலே, நீ ரெயில்வேயிலதான இருக்க? எங்க எட்டு பேருக்கும் நாசிக்ல ஒரு ரூம் போட்டு வச்சிரு."

தென்காசிப் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா போனில் இப்படிச் சொன்னார். எந்தத் தேதிக்கு என்று கேட்டேன். "கும்பமேளாவுக்குத்தான்" என்றார். அதற்குமேல் அவருக்கு விவரம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலை என்று அவர் நினைக்கிறார்.

மும்பையில் இருக்கும் தமிழன் ஊர்க்காரர்களுக்குப் பாதி டிராவல் ஏஜெண்டு. தாராவியிலோ, செம்பூரிலோ, கல்யாணிலோ பத்துக்குப் பத்து அறையில் குடியிருந்தாலும், "நம்ம பையன் அங்கதான் இருக்கான்" என்ற தைரியத்தில் ஊரில் மூட்டை கட்டிவிடுவார்கள். நாசிக்கில் அறை கிடைக்காவிட்டால் நம் வீடுதான் சத்திரம். அதில் தவறில்லை. ஆனால், அறைக்கு முன்பணம் கட்டி அது பறிபோனால், பணமும் போகும், உறவுக்காரர்களிடம் பேரும் கெடும். எனவே இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும்.

எந்தெந்த நாட்கள்?

பிரயாகை, அரித்துவார், உஜ்ஜயினி, நாசிக் ஆகிய நான்கு இடங்களில் கும்பமேளா நடக்கிறது. நாசிக்கில் நடப்பதற்கு சிம்ஹஸ்தம் என்று பெயர். குரு சிம்ம ராசிக்கு வரும்போது நடப்பதால் அந்தப் பெயர். நம் கும்பகோணத்து மகாமகமும் இதே குரு கணக்குத்தான். நாசிக்கில் 2015-ஆம் ஆண்டு நடந்தது. மறு ஆண்டு 2016-இல் கும்பகோணத்தில் மகாமகம் வந்தது.

இந்த முறை கொடியேற்றத்துக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 அக்டோபர் 31. கூட்டம் குவியும் முக்கிய நீராடல் நாட்கள் 2027 ஆகஸ்டு 2 (திங்கள்), ஆகஸ்டு 31 (செவ்வாய்), செப்டம்பர் 11 (சனி). திரியம்பகேசுவரத்தில் மூன்றாவது நீராடல் மட்டும் செப்டம்பர் 12 (ஞாயிறு). வைணவ அகாடாக்களைச் சேர்ந்த சாதுக்கள் நாசிக்கில் ராமகுண்டத்திலும், சைவ அகாடாக்களைச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் தள்ளி திரியம்பகத்தில் குசாவர்த்த தீர்த்தத்திலும் நீராடுவார்கள்.

எங்கே நீராடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கூட்ட நாளில் 30 கிலோ மீட்டர் என்பது சாதாரண தூரம் அல்ல. ராமகுண்டத்தில் குளிக்கிறவர் திரியம்பகத்தில் அறை எடுத்தால் காசு கொடுத்தும் பயன் இல்லை.

மும்பைக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2027-இல் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 4-ந் தேதி வருகிறது. பெரிய விசர்ஜன நாளுக்கு மூன்று நாள் முன்புதான் ராமகுண்டத்தின் மூன்றாவது நீராடல். அதுவும் சனிக்கிழமை. கணபதி கூட்டமும் கும்பமேளா கூட்டமும் ஒரே வண்டியில் ஏறும்.

2015-இல் நான் பட்ட பாடு

2015-ஆம் ஆண்டு இரண்டாவது நீராடல் செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலமாக, பஞ்சவடிப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை சொல்லி வைத்தேன். ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. "வாய்ச்சொல் போதும்" என்றார் அவர். நானும் நம்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாசிக் ரோடில் இறங்கினோம். ஸ்டேஷனில் இருந்து பஞ்சவடி பத்து கிலோ மீட்டர் போல இருக்கும். பஸ் பாதி வழிதான் போனது. மிச்சத்தை மழைத் தூறலில் நடந்தோம். லாட்ஜில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயர் இல்லை" என்றார்கள். வாக்குவாதம் செய்ததும், "மதியம் 12 மணிக்குள் வரவேண்டும், வரவில்லை, கொடுத்துவிட்டோம்" என்று பேச்சை மாற்றினார்கள். வேறு அறை வேண்டுமானால் ஓர் இரவுக்கு நாலாயிரம் என்றார்கள். என் சட்டைப்பையில் அவ்வளவு இல்லை.

திரும்பி ஸ்டேஷனுக்கே வந்தோம். அம்மா பிளாட்பாரத்தில் செய்தித்தாளை விரித்துப் படுத்தார். விடிந்தபோது காய்ச்சல். ராமகுண்டத்துக்குப் போகாமலேயே மும்பைக்கு வண்டி ஏறினோம். அம்மா என்னைத் திட்டவில்லை. "கொடுப்பினை இல்லய்யா" என்று மட்டும் சொன்னார். இல்லாமல் போனது கொடுப்பினை அல்ல, ஒரு துண்டு ரசீது என்பது எனக்குத் தெரியும்.

படுக்க இடம் என்பது உயிர்ப் பிரச்சினை

அறை என்பது வெறும் சுகத்துக்காக அல்ல. 2003 ஆகஸ்டு 27-ந் தேதி நாசிக் கும்பமேளா நெரிசலில் 39 பேர் உயிரிழந்தனர். பிரயாகையில் 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை மகா கும்பமேளா நடந்தது. ஜனவரி 29, மௌனி அமாவாசை அன்று விடியும் முன் நெரிசல் ஏற்பட்டது. 30 பேர் இறந்ததாக அன்று அதிகாரிகள் அறிவித்தனர். தடுப்புகளை உடைத்துக்கொண்டு வந்த கூட்டம், நல்ல நேரத்துக்காகக் கரையிலேயே படுத்துக் காத்திருந்தவர்கள்மேல் ஏறியது என்று போலீசார் தெரிவித்தனர். அதே பிப்ரவரி 15-ந் தேதி, பிரயாகைக்கு வண்டி ஏற வந்த கூட்டத்தில் புதுடெல்லி ரெயில் நிலையத்தில் 18 பேர் இறந்தார்கள்.

தங்க இடம் உள்ளவன் கூட்டம் கலைந்தபின் புறப்படலாம். இடம் இல்லாதவன் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தே ஆகவேண்டும். வித்தியாசம் இதுதான்.

ஹஜ் கமிட்டி மூலம் புனிதப் பயணம் போகிறவர்களுக்கு மெக்கா, மதீனாவில் தங்குமிடத்தைக் கமிட்டியே ஏற்பாடு செய்கிறது. கும்பமேளாவில் சாதாரண பக்தருக்கு அப்படி யாரும் இல்லை. அரசு கூடாரங்கள், மடங்கள், தர்மசாலைகள் எல்லாம் உண்டு. ஆனால் தேடிப் பிடித்துப் பதிவு செய்வது அவரவர் பொறுப்பு. ஏமாற்றுக்காரர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

போலி பதிவு எப்படி நடக்கிறது?

பிரயாகை மேளாவின்போது கூடாரம், காட்டேஜ், ஓட்டல் பதிவு என்ற பெயரில் போலி இணையதளங்கள் முளைத்தன. உத்தரப் பிரதேச போலீசார் பொதுமக்களை எச்சரித்தார்கள்.

குர்லாவில் பட்டறை வேலை செய்யும் நம்மவர் ஒருவர், மாமனார் மாமியாருக்காக இப்படிக் கூடாரம் பதிவு செய்தார். படத்தில் கட்டில், மெத்தை, பக்கத்திலேயே கங்கை. "இன்னும் இரண்டே கூடாரம் பாக்கி" என்று அவசரப்படுத்தினார்கள். போனில் 9,000 ரூபாய் அனுப்பினார். பதிவுச் சீட்டும் வந்தது. அங்கே போய்ப் பார்த்தால் அந்தப் பெயரில் கூடாரமே கிடையாது. போனும் எடுக்கவில்லை. ஒன்பதாயிரம் அவருடைய அரை மாதக் கூலி.

பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் பெயருக்கு அல்ல, யாரோ தனி ஆள் பெயருக்கு. அனுப்பும்போதே திரையில் அந்தப் பெயர் தெரிந்தது. "அவசரத்தில் கவனிக்கவில்லை அண்ணே" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் அறை, பிறகு டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரெயில் டிக்கெட் முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்த விதிப்படி 2027 ஆகஸ்டு 1-ந் தேதி பயணத்துக்கு ஜூன் 2-ந் தேதிதான் முன்பதிவு தொடங்கும். அதுவரை காத்திருந்தால் அறை இருக்காது. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து முன்னதாகவே எடுங்கள். எத்தனை நாள் முன்பு ரத்து செய்யவேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

2. ஓர் இரவு போதாது. முக்கிய நாளில் ஊருக்குள் வாகனங்களை விடமாட்டார்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்து, நீராடிய மறுநாள் புறப்படுவதாக இரண்டு இரவுக்கு எடுங்கள். 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்பதையும் கேளுங்கள். வண்டி தாமதமானாலும் அறையை வைத்திருப்பார்களா என்று கேட்க மறக்க வேண்டாம். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

3. விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். லாட்ஜின் எண்ணை வேறு வழியில் கண்டுபிடித்து நேரில் பேசி, உங்கள் பதிவு எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். நாசிக்கில் தெரிந்தவர் இருந்தால் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மும்பையில் இருப்பவர்களுக்கு நாசிக் ரோடு 187 கிலோ மீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தபோவன் எக்ஸ்பிரசில் போய், கண்ணால் பார்த்து, பணம் கட்டி, ரசீது வாங்கி, அன்றே திரும்பிவிடலாம்.

4. தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்ப வேண்டாம். முழு வாடகையையும் முன்கூட்டியே கேட்டால் யோசியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிவிடும்.

5. ரசீதில் வரி உட்பட மொத்தத் தொகை இருக்கவேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்குமேல் "மேளா வரி" என்று யாராவது கேட்டால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாசிக்கில்தான் தங்க வேண்டுமா?

அவசியம் இல்லை. நாசிக் ரோடுக்கு முந்திய ஸ்டேஷன் தேவ்லாலி. ராணுவ முகாம் உள்ள ஊர். பழைய சானடோரியங்கள் நிறைய. இகத்புரி 51 கிலோ மீட்டர் இப்பால் இருக்கிறது. சீரடியையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் அங்கே சாயி சன்ஸ்தானின் பக்த நிவாசில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் நாசிக் வந்து போகலாம். ரெயில் நிலைய ஓய்வறையும் உண்டு. உறுதியான டிக்கெட் இருந்தால்தான் கிடைக்கும், அறைகள் சொற்பம். அதையே நம்பிப் புறப்படக்கூடாது.

தமிழ்நாட்டில் இருந்து புனா வழியாக வரும் உறவினர்கள் தாதர் வரை வந்து அலைய வேண்டாம். கல்யாணில் இறங்கினால் அங்கேயே நாசிக் வண்டி கிடைக்கும். கல்யாண், டோம்பிவிலி நண்பர்கள் வீட்டில் ஓர் இரவு தங்கிப் போனால் பாட்டி தாத்தாக்களுக்கும் உடம்பு நோகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கிய நாளை விட்டுவிடலாம். சிம்ஹஸ்த காலம் பல மாதங்கள் நீடிக்கிறது. கோதாவரி எல்லா நாளும் ஓடுகிறது. பெரிய நீராடலுக்கு ஒரு வாரம் தள்ளிப் போனால் கூட்டம் குறையும், வாடகையும் இறங்கும். வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போகும் நம்மவர்களுக்கு இது பழகிய விஷயம். செப்டம்பர் 8-ந் தேதியில் இடம் கிடைக்காது என்று தெரிந்து, ஆகஸ்டு 29 கொடியேற்றத்தை ஒட்டியே போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். "கூட்டம் இல்லாத நாள்ல போனா அது என்னலே கும்பமேளா?" என்று சலித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்து சித்தி போனை வாங்கினார். "எய்யா, நீ சொல்ற நாளுக்கே போடு. எனக்கு முழங்கால் வலி, தள்ளுமுள்ளுல நிக்க முடியாது" என்றார்.

அந்த எட்டு பேரோடு இன்னொருவரும் வருகிறார், என் அம்மா. சாதாரண வார நாளில், இரண்டு இரவுக்கு அறை பார்க்கப் போகிறேன். இந்த முறை ரசீதை வாங்கி என் கையால் பையில் வைத்த பிறகுதான் தேதியை அம்மாவிடம் சொல்வேன்.