வீட்டுக் கோழிக் கூட்டத்திற்குச் சேவலைத் தேர்தலும் சேர்த்தலும்

கோழி முட்டையிடுவதற்குச் சேவல் அவசியம் என்னும் எண்ணம் கிராமங்களில் இன்றும் பலரிடம் இருந்து வருகிறது. அது சரியன்று. நல்ல தீனியும் நீரும் கிடைக்கும் பெட்டை, சேவலின் முகத்தையே காணாவிடினும் தன் பருவத்தில் முட்டையிடும். சேவல் வேண்டுவது குஞ்சுக்கே. ஆகையால் விருத்தாசலம் சுற்றுப்புறத்தில் ஐந்தாறு கோழிகளைக் கொல்லையில் வளர்த்துவரும் சங்க அங்கத்தினர், சேவல் வாங்கச் சந்தைக்குப் புறப்படுமுன், தமக்கு வேண்டியது விற்பனைக்குரிய முட்டையா, கூட்டத்தைப் பெருக்கும் குஞ்சா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

வெப்பம் மிகுந்த இப்பகுதியில் இந்தக் கேள்வி மிகவும் முக்கியமானது. சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கு வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். சேவலுடன் கூடிய பெட்டையின் முட்டையில் கரு இருக்கும். சூடு சுமார் 70 டிகிரிக்கு மேற்பட்டால் அக்கரு உறக்கம் கலைந்து மெல்ல வளரத் தொடங்கும். அடைகாக்கும் கோழி கொடுக்கும் சூடே ஏறக்குறைய 100 டிகிரிதான். எனவே கோடையில் ஓட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் கிடந்த முட்டை, அரைகுறையாக அடையில் வைத்த முட்டைக்கு ஒப்பாகும். உள்ளே கரு சிறிது வளர்ந்து, பிறகு இறந்து அழுகுகிறது. வாங்கியவர் உடைத்துப் பார்க்கும்போது இரத்த வளையம் தென்பட்டால், அடுத்த வாரம் அவர் அந்தச் சங்கத்து முட்டையை வாங்குவாரா? கருவற்ற முட்டை இவ்வாறு கெடுவதில்லை. அதுவும் நாளடைவில் பழசாகுமாயினும், அதே வெயிலில் பல நாட்கள் அதிகமாகத் தாங்கும்.

கூட்டுறவு முறையில் முட்டை விற்றவர்கள் இதனை வெகுகாலத்திற்கு முன்னரே கண்டறிந்தனர். அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, 1956-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திவந்தார். அங்கே நாட்டுப் பெட்டைகளுடன் வெள்ளை லெகார்ன் சேவல்களைச் சேர்த்து இனத்தை உயர்த்தும் வேலையும், முட்டைகளைச் சேகரித்துக் கூட்டாக விற்கும் வேலையும் சேர்ந்தே நடைபெற்றன. குஞ்சு பொரிக்கச் சேவல், விற்பனைக்குக் கருவற்ற முட்டை என்ற இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்துக்கொள்வதே இதன் சூட்சுமம். சிறு கூட்டம் வைத்திருப்பவரும் இதனைச் செய்யலாம். குஞ்சு வேண்டிய காலத்தில் மட்டும் சேவலை விட்டு, மற்றக் காலத்தில் பிரித்துவிட வேண்டும். ஆனால் பிரித்த மறுநாளே முட்டை கருவற்றதாகிவிடும் என்று எண்ணலாகாது. சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு தங்கியிருக்கும்.

இனி எந்தச் சேவல் என்பது. பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்றால், பிறக்கும் குஞ்சு ஒவ்வொன்றிலும் பாதி அந்த ஒரு சேவலுடையது. பெட்டை கெட்டதானால் அதன் குஞ்சுகளே கெடும். சேவல் கெட்டதானால் கூட்டம் முழுவதும் கெடும். உயர்ந்த இனத்துச் சேவலை நாட்டுப் பெட்டைகளுடன் சேர்த்தால் முதல் தலைமுறையில் 2-இல் 1 பங்கும், அக்குஞ்சுகளில் பெட்டைகளை அதே இனத்து வேறு சேவலுடன் சேர்த்தால் 4-இல் 3 பங்கும், அடுத்ததில் 8-இல் 7 பங்கும் அந்த இனத்தின் இரத்தம் ஏறிவிடும். முட்டைத் தொகையும் அதற்கேற்ப உயரும். ஆயினும் இதற்குக் கொடுக்கும் விலை ஒன்றுண்டு. லெகார்ன் இனம் அடைகாப்பதை ஏறக்குறைய மறந்தே போனது. அதன் இரத்தம் ஏற ஏற, குஞ்சு பொரிக்க வீட்டில் ஒரு தாய்க்கோழியும் இல்லாமற் போகலாம். வெண்ணிறக் கோழி பருந்தின் கண்ணுக்கு எளிதில் படும் என்பதையும், கொல்லையில் திறந்துவிட்டு வளர்ப்போர் மறத்தலாகாது. ஆகவே கலப்பு முறையை விரும்புவோர், அடைகாக்கும் நாட்டுப் பெட்டைகள் இரண்டு மூன்றையாவது தனியே காப்பாற்றி வருவது நலம்.

ஹைதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா போன்ற கோழிகள் இப்பொழுது கிராமங்களில் வழங்கி வருகின்றன. இவை கலப்பினங்கள். இவற்றின் சேவலைக் கொண்டு இனவிருத்தி செய்தால், குஞ்சுகள் தாய் தந்தையரைப்போல் ஒரே தரமாக இரா. பெருவிடைச் சேவலோ கம்பீரமானது. ஆனால் சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட அதனைச் சிறு கொல்லையில் விட்டு, அண்டை வீட்டுச் சேவலுடன் சமாதானமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். தீனிச் செலவில்லாமல் தானே மேய்ந்து பிழைக்கும் கூட்டம் போதும் என்பவருக்கு, நல்ல சிறுவிடைச் சேவலைவிடச் சிறந்தது வேறில்லை.

பறவையைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசலாகாது. எட்டு மாதத்திற்கு மேற்பட்டதும் இரண்டு வயதிற்கு உட்பட்டதுமாக இருக்கட்டும். கண் தெளிவாகவும், கொண்டை சிவந்தும், மார்பெலும்பு வளையாமலும் இருத்தல் வேண்டும். கால்களை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நொண்டும் சேவல் எவ்வளவு அழகாயிருந்தாலும் பெட்டையை மிதிக்க இயலாது. கால் செதில்கள் தடித்து மேலெழும்பியிருந்தால் அது செள்ளின் வேலை. எருவாயைச் சுற்றியுள்ள சிறகை விலக்கினால் பேன் இருப்பது தெரியும். ஆளைக் கண்டால் பாயும் சேவலை, வீட்டில் சிறு குழந்தைகள் உள்ளவர்கள் வேண்டாமென்று விட்டுவிடுவதே நல்லது.

தம் கூட்டத்திலேயே பிறந்த சேவலை விட்டு வளர்ப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். செலவில்லை என்பது உண்மையே. ஆனால் உடன்பிறந்த பெட்டைகளுடன் அது சேரும்போது, சில தலைமுறைகளில் பொரிப்புக் குறைந்து, குஞ்சுகளும் வலுவிழக்கும். இங்கேதான் சங்கம் பயன்படுகிறது. ஆறேழு அங்கத்தினர் ஒன்றுகூடி, ஆண்டுக்கொருமுறை ஒவ்வொருவரும் தம் சேவலை ஒரே வரிசையில் அடுத்த வீட்டிற்குக் கொடுத்துவந்தால், பணம் செலவின்றியே இரத்தம் புதுப்பிக்கப்படும். யாருடைய சேவல் யாரிடம் சென்றது என்று சங்கப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

வாங்கிவந்த சேவலை அன்றே கூட்டத்தில் விடுவதுதான் பெருந்தவறு. வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் நோய், இந்தியாவில் 1927-இல் இமயமலைப் பகுதியான இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்றது. கண்ணுக்கு நலமாய்த் தோன்றும் சந்தைப் பறவை ஒன்று அதனைக் கொண்டுவந்து, ஒரே வாரத்தில் கொல்லையைக் காலி செய்துவிடும். அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவித்து, மூன்று அல்லது நான்கு வாரம் புதிய சேவலைத் தனியே வைத்திருக்க வேண்டும். வீட்டின் மறுபுறத்தில் ஒரு பஞ்சாரம் போதும். அதன் தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் வேறாக இருக்கட்டும். பழைய கோழிகளைக் கவனித்த பின்னரே புதியதனிடம் செல்க.

தண்ணீர்த் தட்டைப்பற்றி இவ்வூராருக்கு ஒரு வார்த்தை. பீங்கான் பொம்மைகளும் மின்சாரச் சாதனங்களுக்கான பீங்கான் துண்டுகளும் செய்யும் விருத்தாசலத்தில், கழித்த தட்டுகளும் கிண்ணங்களும் எளிதில் அகப்படும். நன்றாகச் சுட்டு மெருகு ஏறியதாயின் கழுவுவதற்கு அவை மிகவும் ஏற்றவை. ஆனால் சுடாத மெருகுக் கலவை, வண்ணப்பொடி ஆகியவற்றின் கழிவில் கோழிகளைக் கிளற விடலாகாது. சில மெருகுகளில் ஈயம் உண்டு. ஈயம் கோழிக்கும் நஞ்சு, அதன் முட்டையை உண்பவருக்கும் நஞ்சு. கோழிகள் புரண்டு பேன் போக்கிக்கொள்ளச் சூளைக் கழிவைக் கொட்டாமல், அடுப்பு விறகுச் சாம்பலையும் மணலையும் கலந்து வைப்பதே உத்தமம்.

தனிமைக் காலம் முடிந்ததும் பஞ்சாரத்தைக் கோழிகள் மேயும் இடத்தில் வைத்து, ஒரு வாரம் ஒன்றையொன்று பார்த்துப் பழக விட வேண்டும். பின்னர் இருட்டியபின், பெட்டைகள் அடைந்திருக்கும் கூட்டிலேயே சேவலைச் சத்தமின்றி வைத்துவிடலாம். விடிந்ததும் சிறிது துரத்தலும் கொத்தலும் இருக்கும். இளஞ்சேவலானால் மூத்த பெட்டைகளே அதனை விரட்டும். இரத்தம் சிந்தாதவரையில் தலையிட வேண்டுவதில்லை. தீனியை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பது நன்று. பழைய சேவல் இருந்தால் அதனை முன்னதாகவே அகற்றிவிட வேண்டும். பெட்டைகள் மூன்று நான்குக்கு மேல் இல்லாத வீட்டில், ஒரே சேவல் ஓயாது மிதித்து அவற்றின் முதுகுச் சிறகை உதிர்த்துவிடும்; அத்தகைய வீட்டார் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சேவலை விடலாம். கால் முள் நீண்டு கூர்மையாயிருந்தால் அதன் நுனியை மட்டும் அராவிவிடுக.

அடைக்குரிய முட்டைகளைச் சேவல் சேர்ந்து பத்து நாள் கழித்துச் சேகரிக்கத் தொடங்கலாம். முன்பு வேறு சேவல் இருந்ததானால், குஞ்சு புதியதனுடையது என்று உறுதி பெற மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஒரு வாரத்திற்கு மேற்பட்ட முட்டையை அடை வைக்கலாகாது. வைத்த ஏழாம் நாள் இரவில், கைவிளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிலந்தி வலைபோல் நரம்புகள் தெரியும்; கருவற்றது தெளிவாயிருக்கும். பன்னிரண்டில் நான்கைந்து தெளிவாயிருப்பின், சேவலின் கால், பேன், தீனி ஆகியவற்றை மறுபடி பரிசோதிக்க வேண்டும். அவற்றில் குறை காணப்படாவிடில், அடுத்த அடைக்குமுன் வரிசையிலுள்ள வேறொரு அங்கத்தினரின் சேவலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.