சங்கத்தின் இணையத்தளமும் ஏஐ பொட்களும்

இணையத்தளங்களை ஓயாமல் வாசித்துப் பிரதியெடுத்துச் செல்லும் நிரல்களை ‘பொட்’ என்பார்கள். தேடுபொறிகளுக்காக வருபவை பழையவை. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க வருபவை புதியவை. ஓபன்ஏஐ தன் ஜிபிடிபொட்டின் பெயரையும் அதை மறிக்கும் வழியையும் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது.

கனடாவின் ஸ்காபரோவில் டோர்செட் பார்க் போன்ற தமிழர் வாழும் பகுதிகளில் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், கடை என்று பலவற்றுக்கும் இணையத்தளம் உண்டு. யாரோ ஒரு தொண்டர் செய்து கொடுத்திருப்பார்; பிறகு எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏஐ பற்றிச் செய்தி வந்ததும் அவசரப்பட்டு ஒரு பெட்டியில் சரி அடையாளம் இடுவார்கள். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளின் அமைப்புகளில் ‘வாசிப்பு’ப் பக்கத்தில் உள்ள அந்தப் பெட்டி தேடுபொறிகளை விலக்குவதற்கானது. ஏஐ பொட்களை அது குறிவைப்பதில்லை. கடைசியில் கூகுளில் சங்கத்தின் பெயரே காணாமற் போகும்.

ஏஐ பொட்களைத் தடுக்கச் சரியான இடம் ‘ரோபோட்ஸ்’ (robots.txt) என்ற சிறு உரைக்கோப்பு. 1994இல் தொடங்கிய இந்த வழக்கம் 2022இல்தான் முறையான இணையத் தரமாக எழுதப்பட்டது. கோப்பின் பெயர் சிறிய ஆங்கில எழுத்துகளில், தளத்தின் மூல அடைவில் இருக்க வேண்டும். துணைத்தளம் இருந்தால் அதற்குத் தனிக் கோப்பு வேண்டும். ஒரு வரியில் பொட்டின் பெயர், அடுத்த வரியில் தடை. ஜிபிடிபொட், கிளோட்பொட், சிசிபொட், கூகுள்-எக்ஸ்டென்டட் ஆகியவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அந்தந்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே பிரதியெடுக்க வேண்டும். பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இட்டு முழுத் தளத்தையும் தடுத்தால் கூகுள் தேடலும் வெளியே நிற்கும். கூகுள்-எக்ஸ்டென்டட்டை மட்டும் தடுத்தால் தேடலுக்குப் பாதிப்பில்லை. ஆனால் தேடல் பக்கத்தின் மேலே வரும் ஏஐ சுருக்கங்கள் அதனால் நிற்பதுமில்லை.

இந்தக் கோப்பு பூட்டு அல்ல, வாசலில் ஒட்டிய அறிவித்தல். மதிக்கும் பொட் திரும்பிப் போகும். மதிக்காதது உள்ளே வரும். ஏற்கெனவே எடுத்துப் போனதும் திரும்பி வராது. கோப்பை எவரும் திறந்து வாசிக்கலாம் என்பதால், மறைக்க விரும்பும் அடைவின் பெயரை அதில் எழுதுவது திருடனுக்கு வழி சொல்வதுதான். உண்மையில் மறிக்க வேண்டுமானால் சேவையக மட்டத்தில் தடுக்க வேண்டும். தளங்களைப் பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2024 ஜூலை முதல் இலவசக் கணக்கிலும் இதற்கு ஒரு பொத்தான் தருகிறது. சேவையகப் பதிவேட்டை மாதம் ஒருமுறையாவது பார்த்தால் யார் வருகிறார்கள் என்பது தெரியும். பொய்ப் பெயரில் வருபவையும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னர் செய்ய வேண்டியது, உறுப்பினர் பட்டியலை அகற்றுவது. ஒன்றுகூடல் மலரின் பிடிஎஃப் கோப்பில் வீட்டு முகவரி, மரண அறிவித்தலில் பிள்ளைகளின் கைபேசி எண்கள், பரிசளிப்பு விழாப் படத்தின் கீழ் சிறுவர்களின் முழுப் பெயர். எந்தக் கோப்பும் இவற்றைக் காக்காது. அகற்றுங்கள், அல்லது கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள்.

தன் தனிப்பட்ட தகவலை ஓர் ஏஐ நிறுவனம் எடுத்ததாக நம்புபவர் முதலில் அந்த நிறுவனத்தின் தனியுரிமை அலுவலரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது. தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டு விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் பிரதியோடு கனடியத் தனியுரிமை ஆணையர் அலுவலகத்துக்கு இணையவழியில் முறைப்பாடு செய்யலாம், கட்டணமில்லை. ஓபன்ஏஐ குறித்து அந்த அலுவலகம் 2023இல் விசாரணை தொடங்கியது. இத்தகைய விசாரணைகள் ஆமை வேகத்தில் நகர்பவை. முறைப்பாடு செய்துவிட்டோம் என்று தளத்தைத் திறந்தே வைத்திருக்கக் கூடாது.

கட்டுரை, கவிதை, படம் எடுக்கப்பட்டால் அது பதிப்புரிமை விடயம். படைத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. எனினும் கனடிய அறிவுசார் சொத்து அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தால் கிடைக்கும் சான்றிதழ் நீதிமன்றத்தில் கைகொடுக்கும்; படைப்பின் பிரதியை அனுப்பத் தேவையில்லை. தளத்தின் பயன்பாட்டு விதிகளில் ஏஐ பயிற்சிக்கு அனுமதியில்லை என்று ஒரு வரி சேர்ப்பதும் வீண்வேலை அல்ல. ரொறன்ரோ ஸ்டார், சிபிசி உள்ளிட்ட ஊடகங்கள் 2024 நவம்பரில் ஒன்ராறியோ உயர் நீதிமன்றத்தில் ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கில், பதிப்புரிமை மீறலோடு பயன்பாட்டு விதிகளை மீறியதும் குற்றச்சாட்டாக உள்ளது.