மட்டாஞ்சேரியில் சீன மடக்கிருக்கை

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு அழைத்துச் செல்வது கொச்சிவாழ் தமிழர் வழக்கம். 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தின் தளத்தில் நீலச் சீன ஓடுகளைக் கண்டபின், பழம்பொருட் கடையில் 'சீனத்து மடக்கிருக்கை' என்று எதைக் காட்டினாலும் மனம் நம்பத்தானே செய்யும்!

இவ்விருக்கை சீனர் தாமே கண்டதன்று. வடபுல நாடோடிகளிடமிருந்து பெற்றது. 2-ஆம் நூற்றாண்டில் ஹான் பேரரசர் லிங் இதனைப் பெரிதும் விரும்பினார் என்பர். பின்னாளில் மிங் காலத் தச்சர் ஹுவாங்ஹுவாலி என்னும் நறுமண வன்மரத்தில் இதனைச் செய்தனர். குறுக்கிட்ட கால்கள், நடுவே உலோக அச்சாணி, மேலே கயிற்றுப் பின்னல், அவ்வளவே. பின்னல் நைந்து புதிதாக மாற்றப்பட்டிருப்பது குறையன்று. அச்சாணித் துளையையும் காலடியையும் உற்று நோக்குங்கள். நெடுங்காலம் மடக்கி விரித்த தேய்மானம் அங்கேதான் தெரியும். எங்கும் ஒரே நிறமாய்ச் சாயம் ஏறியிருப்பின் ஐயுறுவதே நன்று.

மெய்யாகவே நூறாண்டு கடந்ததாயின் வேறொரு தொல்லை உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, தொல்பொருளெனக் கொள்ளப்படுவதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. சிங்கப்பூரிலுள்ள மருமகனுக்குப் பரிசளிக்க எண்ணுவோர், மரமும் காலமும் இன்னவென்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குக. பழமைத் தோற்றமுள்ள புதுப்பொருளாயின், 'தொல்பொருளன்று' என இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழையும் பயணத்துக்கு முன்பே பெற்றுக்கொள்க.