திரைப்பாட்டும் தமிழ் வகுப்பும்

மும்பையில் பிறந்து வளரும் நம் குழந்தைகளைப் பற்றி, கல்யாண வீடுகளிலும் கோயில் வாசலிலும் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு. "தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் படிக்க வராது." சொல்பவர் குரலில் பெருமை பாதி, வருத்தம் பாதி இருக்கும். கேட்பவரும், "எங்கள் வீட்டிலும் அதே கதைதான்" என்று தலையாட்டுவார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

குழந்தைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி என்று மூன்று மொழிகள். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். அது நியாயமும்கூட, இருக்கும் ஊரின் மொழி தெரியாமல் எப்படி வாழ்வது? ஆனால் தமிழுக்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கத்தையும் கிரிக்கெட்டையும் விட்டுவிட்டு 'அ, ஆ' எழுத வா என்றால் எந்தப் பிள்ளை வரும்? ஜூன் மாதத்தில் நிரம்பி வழியும் வகுப்பு, தீபாவளி கழிந்ததும் பாதியாகிவிடும்.

இந்தப் பிள்ளைகளை உட்கார வைக்கவும் படிக்க வைக்கவும் நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கருவி சினிமாப் பாட்டு. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் சில ஆண்டுகளாக ஞாயிறு வகுப்பில் பாடம் நடத்திவருகிறேன். பாடம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி பெற்றவன் அல்லன். டிப்ளமோ படித்துத் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். ஆகவே இதை ஓர் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் முறையில்தான் சொல்ல முடியும்.

பாட்டுப் புத்தகம் செய்த வேலை

நம் தலைமுறையினருக்குப் பாட்டுப் புத்தகம் நினைவிருக்கும். கொட்டகை வாசலில் விற்ற மெல்லிய புத்தகம். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற குறிப்பு, அப்புறம் பாட்டுகள். ரேடியோவில் பாட்டு வரும்போது புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கூடவே பாடியவர்கள் ஏராளம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் பலர் எழுத்தை மறக்காமல் வைத்துக்கொண்டது இந்தப் புத்தகத்தாலும், டீக்கடைப் பெஞ்சில் கிடந்த தினத்தந்தியாலும்தான். 1942இல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியபோது எளியவர்களும் வாய்விட்டுப் படிக்கக்கூடிய தமிழில் எழுத வைத்தார். பாட்டுப் புத்தகமோ இன்னும் ஒரு படி கீழே இறங்கி வந்து கைகொடுத்தது. என்ன எழுதியிருக்கிறது என்பது படிப்பவனுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த சொல்லை எழுத்தில் தேடிப் பிடிப்பதுதான் அவன் வேலை.

இதே எண்ணம் வேறொரு வழியாக ஒருவருக்குத் தோன்றியது. 1996இல் பிரிஜ் கோத்தாரி என்பவர், ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஸ்பானியத் திரைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் ஆங்கிலத்தில் ஓடுவதற்குப் பதிலாக ஸ்பானிய மொழியிலேயே கீழே எழுத்தாக ஓடினால் மொழி சீக்கிரம் வருமே என்று நினைத்தார். உடனே நம் நாட்டுச் சினிமாப் பாட்டு நினைவுக்கு வந்தது. இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே எழுத்து ஓடினால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்த கோடிக்கணக்கான மக்களுக்குத் தினமும் வாசிப்புப் பயிற்சி கிடைக்குமே!

அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் அவர் பணியாற்றியபோது இது செயலுக்கு வந்தது. 1999இல் குஜராத்தி தூர்தர்ஷனில் வந்த திரைப்பாட்டு நிகழ்ச்சியில் பாட்டு வரிகள் குஜராத்தியிலேயே ஓடின. 2002இல் நாடறிந்த 'சித்ரஹார்' நிகழ்ச்சிக்கும் அது வந்தது. பின்னர் 'ரங்கோலி'க்கும் வந்தது. பாடப்படும் சொல் எதுவோ அது அந்த நேரத்தில் நிறம் மாறும். இதற்கென்று யாரும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர் கண் தானாகவே எழுத்தின் மேல் போகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எழுத்தே அறியாதவருக்கு இந்த முறை அதிகம் உதவாது. கொஞ்சம் எழுத்து தெரிந்து, தட்டுத்தடுமாறிப் படிப்பவருக்குத்தான் இது பெரிய துணை. நம் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோர் இருப்பது அந்த இடத்தில்தானே!

காது முன்னே, கண் பின்னே

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தில் எங்கே தடை வருகிறது என்று பாருங்கள். தேவநாகரியில் 'க' வரிசைக்கு நான்கு எழுத்துகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. தமிழில் ஒரே 'க'தான். ஆனால் 'கடல்' என்பதில் ஓர் ஒலி, 'தங்கம்' என்பதில் வேறு ஒலி, 'பகல்' என்பதில் இன்னொரு மெல்லொலி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை இந்த மூன்றையும் சரியாகத்தான் உச்சரிக்கிறது. ஆனால் எழுத்தைப் பார்த்தவுடன் இந்திப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அழுத்திப் படிக்கிறது. படித்தது காதில் தமிழாக விழுவதில்லை. பொருள் புரிவதில்லை. புத்தகம் மூடப்படுகிறது.

சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி, மெல்லெழுத்தின் பின்னால் வந்தால் இப்படி, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் அப்படி என்று விதி சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு விதி தங்காது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். அதில் இருபது இடங்களில் 'க' வரும். ஒவ்வோர் இடத்திலும் சரியான ஒலியைக் காது முன்னமே சொல்லிவிடும். கண் அதன்பின் போகும். விதி சொல்லாமலே விதி படிந்துவிடும்.

இன்னொரு தடை, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். 'வந்துட்டான்' என்று பேசும் பிள்ளை 'வந்துவிட்டான்' என்று புத்தகத்தில் பார்த்தால் அதை வேறு மொழியாக நினைக்கிறது. சினிமாப் பாட்டில் இரண்டும் கலந்து வரும். ஒரு பாட்டு கிராமத்துப் பேச்சில் இருக்கும், அடுத்தது செந்தமிழில் இருக்கும். வீட்டுத் திண்ணைக்கும் வகுப்பறைக்கும் நடுவே நல்ல படிக்கட்டு அது.

வகுப்பில் செய்வது

எங்கள் வகுப்பில் ஒரு பாட்டுக்கு இரண்டு ஞாயிறு. முதலில் பாட்டைக் கேட்கச் செய்வோம், எழுத்தைக் காட்டாமல். காதில் விழுந்த சொற்களைப் பிள்ளைகள் சொல்ல, கரும்பலகையில் எழுதுவோம். தவறாகக் கேட்டதையும் எழுதுவோம். பெரிய சிரிப்பு கிளம்பும். அடுத்து, முழுப் பாட்டையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுத்து, பாட்டோடு விரல் வைத்துப் போகச் சொல்வோம். மூன்றாவதாக, பத்துச் சொற்களை எடுத்துவிட்டுக் கோடிட்ட இடம் நிரப்பச் சொல்வோம். நான்காவது படிதான் முக்கியம். அதே சொற்களை வைத்து நாங்களே எழுதிய சிறு பத்தி ஒன்றைக் கொடுப்போம். அதற்கு மெட்டு கிடையாது. அதைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டால்தான் அந்தப் பாட்டு முடிந்ததாகக் கணக்கு.

ஆசிரியராக இருப்பவர் ஒன்றைச் செய்ய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாட்டு வரிகளில் எழுத்துப் பிழை மலிந்திருக்கிறது. ர, ற வேறுபாடும், ல, ள, ழ வேறுபாடும், ஒற்று மிகும் இடமும் பல இடங்களில் தப்பாக இருக்கும். பாட்டைக் கேட்டு, நாமே திருத்தி அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் வேலை இருக்கிறது. உதாரணத்துக்கு, 'பலே பாண்டியா' (1962) படத்தில் 'காய்' என்ற சொல்லை வைத்துக் கண்ணதாசன் விளையாடிய பாட்டு. காய்கறியும் காய்தான், நிலவு காய்வதும் காய்தான். ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்ற இலக்கணப் பாடத்தை இதைவிடச் சுவையாக நடத்த முடியாது. பாட்டு முடிந்ததும் 'படி', 'ஆறு', 'மாலை' என்று பிள்ளைகளே தேட ஆரம்பிப்பார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு 'இருவர்' (1997) படத்தில் வைரமுத்து எழுதிய காதல் பாட்டு ஒன்று இருக்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டும் புறநானூற்றின் 112ஆம் பாட்டும் அதில் எதிரொலிக்கும். பாட்டைக் கேட்டபின் மூலத்தைக் காட்டினால், 'இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டா இது?' என்று வியக்கிறார்கள். பாரி மகளிர் கதையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

வசனமும் வரலாறும்

பாட்டு மட்டுமல்ல, வசனமும் உதவும். 'திருவிளையாடல்' (1965) படத்தின் தருமி காட்சியை எங்கள் பிள்ளைகள் நாடகமாகவே படிப்பார்கள். தருமியாக வந்த நாகேஷ், சினிமாவுக்கு வருமுன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் என்று சொல்லும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான். தருமி சபைக்குக் கொண்டுபோகும் பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, ஐந்தே அடி. காட்சியை நடித்து முடித்த பிள்ளைக்கு அந்த ஐந்து அடி பயமுறுத்துவதில்லை.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தில் கலெக்டர் ஜாக்சனோடு நடக்கும் வாக்குவாதம், ழகர ளகர உச்சரிப்புக்கு முதல்தரமான பயிற்சி. ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது. கட்டபொம்மன் ஜாக்சனை இராமநாதபுரத்தில் சந்தித்தது 1798இல். கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபரில். இவை வரலாறு. சிவாஜி கணேசன் முழங்கும் வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. எது நடந்தது, எது எழுதப்பட்டது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியில் வருவதையெல்லாம் நம்பும் இந்தக் காலத்தில், பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு பாடம்தான்.

நம் மராட்டிய மண்ணுக்கு ஒரு தொடர்பும் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் வந்த 'பாரதி' படத்தில் பாரதியாராக வாழ்ந்து காட்டியவர் சாத்தாரா மாவட்டத்துக்காரரான சயாஜி ஷிண்டே. பள்ளியில் மராத்தி நண்பர்களோடு பழகும் நம் பிள்ளைகளுக்கு இது கேட்க இனிக்கும் செய்தி.

பெற்றோர் கேட்கும் கேள்வி

"சினிமாப் பாட்டுக் கற்றுக்கொள்ளவா வகுப்புக்கு அனுப்புகிறோம்? ஆத்திசூடியும் திருக்குறளும் சொல்லிக்கொடுங்கள்" என்று சில பெற்றோர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலை நாம் எல்லோரும் ஊருக்குப் போகும் பாதையிலேயே பார்த்திருக்கிறோம்.

மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டி கர்ஜத்தில் நிற்கும். நாம் வடா பாவ் வாங்க இறங்குவோம். அந்த நேரத்தில் வண்டியின் பின்னால் கூடுதல் எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். அதற்குப் பேங்கர் என்று பெயர். போர் காட் மலையில் 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். ரயிலுக்கு அது மிகக் கடுமையான ஏற்றம். முன்னால் உள்ள எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது. பின்னாலிருந்து பேங்கர் தள்ளிக்கொடுக்கும். லோணாவளா வந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் சென்னை வரை வண்டி தன் எஞ்சினிலேயே போகும்.

சினிமாப் பாட்டு நமக்குப் பேங்கர். பேச்சிலிருந்து வாசிப்புக்கு ஏறும் அந்தச் சில மாத ஏற்றத்தில் அது பின்னாலிருந்து தள்ளட்டும். ஏறியபின் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஆண்டு முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் அது வகுப்பு அல்ல, பொழுதுபோக்கு. ஆத்திசூடி, குறள், பிறகு சிறுகதை, செய்தித்தாள் என்று வண்டி சமவெளியில் ஓட வேண்டும். ஆனால் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே குறளை மட்டும் கட்டி இழுக்கச் சொன்னால், வண்டி கர்ஜத்திலேயே நின்றுவிடும்.

சென்ற ஆண்டு வகுப்புக்கு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆச்சி திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். ஆச்சிக்குப் பேரன் பேத்திகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். ஆச்சிக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். யாராவது வந்து படித்துச் சொன்னால் உண்டு. இப்படி, ஒரே மொழி பேசும் இருவருக்கு நடுவே எழுத்து ஒரு சுவராக நிற்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்தப் பெண் ஆறாவது மாதத்தில் தமிழ் எழுத்திலேயே ஆச்சிக்கு எழுதினாள். இரண்டே வரி. பிழைகள் மூன்று. ஆச்சி யாரையும் கூப்பிடாமல் தானே படித்து, தானே பதில் எழுதினார்.

வீட்டில் செய்யக்கூடியது

எல்லாவற்றையும் வகுப்பிலேயே செய்துவிட முடியாது. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஐந்து தமிழ்ப் பாட்டுகளைக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் ரசிக்கும் பாட்டு வேண்டாம், பிள்ளை முணுமுணுக்கும் பாட்டாக இருக்கட்டும். சொற்கள் கண்ணியமானவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டோடு விரல் வைத்துப் படிக்க வையுங்கள். திருத்த வேண்டாம், பாட்டே திருத்தும். மூன்று மாதம் கழித்துப் பாட்டை நிறுத்திவிட்டு, நம் இதழில் உள்ள சிறுவர் பக்கத்தைக் கையில் கொடுங்கள்.

வரும் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தமிழ்நாட்டு எல்லைக்குள் வண்டி நுழைந்தபின் பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நிலையப் பெயர்ப் பலகைகளில் தமிழ் முதல் வரியாக இருக்கும். அடுத்த நிலையம் எது என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவன் படித்து உங்களுக்குச் சொல்லட்டும்.