மலசலகூடம் தெரிவுசெய்யுமுன்

இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரால் நெல் விளையும் உருத்திரபுரத்தில் வீடு கட்டுவோர், மலசலகூடக் கோப்பையின் நிறத்தையும் பளபளப்பையும் ஆராயுமுன்னர், தம் வளவின் மண்ணையும் கிணற்றையும் ஆராய்வதே உசிதமாகும். மார்கழி மழையில் நிலத்தடி நீர் மேலெழும்போது, மலக்குழிக்கும் கிணற்றுக்குமிடையே 50 அடி தூரமேனும் இல்லாவிடில், எத்துணை விலையுயர்ந்த கோப்பையும் குடும்பத்தின் ஆரோக்கியத்தைக் காக்கமாட்டாது.

கோப்பையின் பிரதான அங்கம் அதன் வளைந்த கழுத்து. 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற அவ்வமைப்பில், எப்பொழுதும் தேங்கிநிற்கும் சிறிதளவு நீரே துர்நாற்றத்தைத் தடுக்கின்றது. குந்தியிருக்கும் கோப்பைக்கு வாளியால் இரண்டு மூன்று லீற்றர் ஊற்றினாற் போதும். இருக்கைக் கொமட்டின் பழைய நீர்த்தொட்டிகளோ ஒருமுறைக்கு 9 லீற்றர்வரை விழுங்குபவை. கிணற்று நீர் கீழிறங்கும் ஆவணி வரட்சியில் இவ்வித்தியாசம் அற்பமானதன்று.

ஆயினும் சிக்கனம் ஒன்றையே பிரமாணமாகக் கொள்ளலாகாது. யுத்தத்தில் காலிழந்தோரும் முழங்கால் நோவுற்ற முதியோரும் வாழும் இம்மண்ணில், அவர்கள் குந்தியெழப் படும் சிரமத்தைக் காணும்போது, இருக்கைக் கொமட்டும் சுவரிற் பிடிகம்பியும் ஆடம்பரமல்ல, அத்தியாவசியம் என்பதே என் துணிபு. வாங்குமுன் மேசனை அழைத்து, கழிவுக்குழாய் நிலத்தினுட் செல்கிறதா, சுவரினூடு செல்கிறதா என்பதைப் பார்த்து, சுவரிலிருந்து குழாயின் நடுவுக்குள்ள தூரத்தையும் அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள்.