ஏவல் முடிந்ததும் விடைபெறும் ரன்னர்கள்

மென்பொருள் எழுதுவோர் பலர் கூடி ஒரே நிரலைத் திருத்தும் இந்நாளில், ஒவ்வொரு திருத்தமும் முறையாகத் தொகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, வெளியிடத் தக்கதுதானா என ஆராயப்படுதல் வேண்டும். இவ்வேலையை மனிதர் கையால் செய்வதில்லை. நிரற் களஞ்சியத்தில் மாற்றம் வந்து சேர்ந்ததும் அதனைப் பெற்றுத் தொகுத்துச் சோதிப்பதற்கென்றே ஒரு சிறு நிரல் எங்கோ ஒரு கணிப்பொறியில் காத்திருக்கிறது. அதற்கு ரன்னர் என்று பெயர். இட்ட ஏவலைச் செய்வதே அதன் தொழிலாதலின் ஏவலாள் எனத் தமிழில் அழைக்கலாம். எனினும் அது மனிதனைக் குறிக்குமோ என்னும் மயக்கம் எழுமாகையால், ரன்னர் என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

கிட்ஹப் நிறுவனம் 2018-இல் அறிமுகப்படுத்தி 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்த ஆக்‌ஷன்ஸ் என்னும் அமைப்பினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அந்நிறுவனமே தன் ரன்னர்களை வாடகைக்குத் தருகிறது. நம் கணிப்பொறியில் நாமே நிறுவிக்கொள்ளவும் இடமளிக்கிறது. உள்வலையமைப்பில் இருக்கும் தரவுத்தளத்தைத் தொட வேண்டியவர்களும், பெரிய நினைவகம் தேவைப்படுவோரும், நிமிடக் கணக்கில் வாடகை தர இயலாதோரும் இரண்டாம் வழியை நாடுகின்றனர். ரன்னர் தானே வெளியே சென்று, “ஏவல் உண்டா?” என்று கேட்டு நிற்கும். ஆகவே நம் வலையமைப்பின் மதிலில் புதிதாக வாயில் எதனையும் திறக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் எம் குழுவிடம் இருந்தது ஒரே கணிப்பொறி. அதில் இரவு பகலாக விழித்திருந்தது ஒரே ரன்னர். ஒருநாள் தோழர் ஒருவர், தம் நிரலுக்கு வேண்டிய துணைநூலகம் ஒன்றைப் பட்டியலில் சேர்க்க மறந்து திருத்தத்தை அனுப்பிவிட்டார். சோதனை தவறாமல் வெற்றி பெற்றது. முந்தைய வாரம் வேறோர் ஏவலுக்காக நிறுவப்பட்ட அதே நூலகம் அப்பொறியில் அகற்றப்படாமல் கிடந்ததே காரணம். வெளியிட்ட இடத்தில் மென்பொருள் எழவே இல்லை. அன்று மாதக் கடைசி. அதனை நம்பியிருந்த அலுவலர் ஒருவர் சம்பளக் கணக்கை முடிக்க இயலாமல் விடியும்வரை அமர்ந்திருந்தார். “சோதனையில் தேறியதே” என்று யாம் அவருக்குச் சொன்ன மறுமொழி எமக்கே நிறைவளிக்கவில்லை.

நெடுநாள் வாழும் ரன்னரின் குறை இதுவே. ஒவ்வோர் ஏவலும் ஏதேனும் ஓர் எச்சத்தை விட்டுச் செல்கிறது. நூலகம் எஞ்சினால் பொய்யான வெற்றி. கடவுச்சொல் எஞ்சினால் அடுத்து வருபவர் அதனை எடுத்துக்கொள்ளக் கூடும். யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியக்கூடிய பொதுக் களஞ்சியங்களுக்குச் சொந்த ரன்னரை இணைக்க வேண்டா எனக் கிட்ஹப் நிறுவனமே எச்சரிப்பது இதனாலேதான். ஒரே ஒரு ஏவலை முடித்துப் பதிவையும் நீக்கிக்கொண்டு மறையும் ‘ஒருமுறை ரன்னர்’ 2021-இல் வந்தது. அதன்பின் ஒவ்வோர் ஏவலுக்கும் தூய இடம் ஒன்று கிடைக்கும் வழி பிறந்தது.

ஒருமுறை மட்டும் வாழ்வதை மீண்டும் மீண்டும் பிறப்பிக்க ஒருவர் வேண்டுமன்றோ? அப்பணியைக் குபர்நெட்டிஸ் ஏற்கிறது. கூகுள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இவ்வமைப்பு, பல கணிப்பொறிகளை ஒரே கொத்தாகக் கட்டி, அவற்றில் கொள்கலன்களை இடமறிந்து இருத்துகிறது. இப்பெயர் கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்போனைக் குறிக்கும். நம் பழந்தமிழ் ‘மீகாமன்’ என்னும். அரபியின் ‘முஅல்லிம்’ தமிழ்க் கடற்கரையில் ‘மாலுமி’ என வழங்குவதும் அதே பொருளில்தான். நிற்க. கொத்தினுள் கொள்கலன் வாழும் சிற்றலகுக்குப் பாட் என்று பெயர். ஒரு பாட், ஒரு ரன்னர், ஓர் ஏவல் என்பதே கணக்கு.

எத்தனை பாட்கள் வேண்டும் என்பதை எதைக் கொண்டு அறிவது? பலரும் முதலில் கைவைப்பது செயலியின் சுமையில். யாமும் அவ்வாறே செய்து பட்டோம். காத்திருக்கும் ஏவல்கள் ஐம்பது இருப்பினும், ஓடும் ரன்னர் தொலைவிலிருந்து கோப்பு இறங்கக் காத்திருந்தால் சுமை ஏறாது, கொத்து உறங்கும். எனவே அளக்க வேண்டியது சுமையை அன்று, வரிசையை. தன்னார்வலர் முயற்சியாகத் தோன்றிப் பின்னர்க் கிட்ஹப் ஏற்றுக்கொண்ட ‘ஆக்‌ஷன்ஸ் ரன்னர் கன்ட்ரோலர்’ இவ்வழியில் இயங்குகிறது. செவிமடுக்கும் பாட் ஒன்று எந்நேரமும் கிட்ஹப்புடன் தொடர்பில் நின்று, ஏவல் வந்துளது என்று கேட்டவுடன் அத்தனை ரன்னர்களை எழுப்பச் சொல்கிறது. குறைந்த எண்ணிக்கை, கூடிய எண்ணிக்கை என்னும் இரு வரம்புகளை நாம் விதிக்கிறோம். குறைந்ததைச் சுழியமாக வைத்தால் இரவில் செலவு குறையும். காலையில் முதலில் வருபவர், புதிய கணிப்பொறி கொத்தில் சேரும்வரை சில நிமிடங்கள் காத்திருப்பார். எம் குழு பகலில் இரண்டு, இரவில் சுழியம் என வைத்துள்ளது.

பெருக்குதல் எளிது, சுருக்குவதிலேதான் வில்லங்கம். ஒரு பாட்டை நீக்க முற்படுகையில் குபர்நெட்டிஸ் இயல்பாக வழங்கும் அவகாசம் 30 நொடிகள். இருபது நிமிடத் தொகுப்பின் பதினெட்டாம் நிமிடத்தில் அந்த 30 நொடி எதற்குப் பயன்படும்? கணிப்பொறிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் ‘கிளஸ்டர் ஆட்டோஸ்கேலர்’, ஓரளவே வேலையுள்ள பொறியைக் கண்டால், அதிலுள்ள பாட்களை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்றெண்ணி அதனைக் காலி செய்ய முனையும். ஆனால் பாதியில் நிற்கும் ஏவலை மாற்றிவைக்க இயலாது. அது செத்தே போகும். ஆகவே ரன்னர் பாட்களின்மீது ‘வெளியேற்றற்க’ என்னும் குறிப்பைப் பொறித்தல் இன்றியமையாதது. அதன்பின் எவரும் ரன்னரைக் கொல்வதில்லை. ஏவல் முடிந்ததும் அதுவே விடைபெறுகிறது, வெறுமையான பொறி அதன்பின் அகற்றப்படுகிறது. திரும்பப் பெறப்படலாம் என்னும் நிபந்தனையில் மலிவாகக் கிடைக்கும் பொறிகளை நாடுவோர்க்கும் ஒரு சொல்: அமேசான் அவற்றைத் திரும்பப் பெறும்முன் தரும் அறிவிப்பு இரண்டே நிமிடம். குறுஞ்சோதனைகளுக்கு அவை போதும். வெளியீட்டு ஏவலை அங்கே ஒப்படைக்கலாகாது.

தூய்மைக்கும் விலையுண்டு. பிறக்கும் ஒவ்வொரு ரன்னரும் வெறுங்கையுடன் பிறப்பதால், முன்பு வட்டில் கிடந்த நூலகங்களை ஒவ்வொரு முறையும் இறக்கியாக வேண்டும். டாக்கர் ஹப் 2020 நவம்பரில் பதிவிறக்கங்களுக்கு வரம்பு விதித்தது. கொத்து முழுவதும் ஒரே முகவரியில் வெளியே செல்லும் இடங்களில், ஐம்பது பாட்களின் தேவையும் ஒருவர் கணக்கிலேயே ஏறிவிடும். கொத்துக்குள்ளேயே ஓர் இடைநிலைச் சேமிப்பகம் வைத்து, முதல்முறை வந்ததை அங்கே வைத்துக்கொள்வதே இதற்கு மாற்று.

பராமரிப்பில் எளிதில் மறக்கப்படுவது பதிப்பு. தானே புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி வைத்தால், ரன்னரின் புதிய பதிப்பு வெளிவந்த 30 நாட்களுக்குள் நாமே மாற்றியாக வேண்டும். தவறினால் கிட்ஹப் அதற்கு ஏவல் அனுப்புவதை நிறுத்திவிடும். பாட்கள் நலமாகவே தோன்றும். வரிசை மட்டும் நீளும். எடுப்பாரின்றி 24 மணி நேரம் காத்த ஏவல் தோல்வியென முடியும். யாம் மாதந்தோறும் முதல் வேலைநாளில் ரன்னரின் படிமத்தைப் புதிதாகக் கட்டுகிறோம். அன்றே, 137 என்னும் குறியீட்டுடன் இறந்த பாட்களையும் எண்ணிப் பார்க்கிறோம். பெரும்பாலும் அவை நினைவக வரம்பைத் தாண்டிக் கொல்லப்பட்டவை. சென்ற முறை அவ்வாறு இறந்தவை அனைத்தும் ஒரே களஞ்சியத்தினுடையவை. அதற்கு மட்டும் நினைவக வரம்பை இரட்டித்து, தனி ரன்னர் தொகுதியாகப் பிரித்து வைத்தோம்.