கர்ப்பிணியின் அயர்வு

கர்ப்பவதி ஒருத்தி பகலில் சற்றுப் படுத்துவிட்டால், இப்படிச் சோம்பினால் பிரசவம் கஷ்டமாகும் என்று வீட்டு முதியோர் சொல்வது நம் கிராமங்களில் வழக்கம். இச்சொல்லில் பாதி உண்மை உளது. மாதக்கணக்காகப் பாயிலேயே கிடப்பது நன்றன்று. ஆயின், அயர்வு யாவும் சோம்பலாகாது.

கரு தரித்த முதல் மூன்று மாதங்களில் உடலின் சுரப்புநீர்கள் மாறுவதால் தூக்கமும் களைப்பும் மிகும். பின்னர் பெரும்பாலோர்க்கு இது தணிந்து, கடைசி மாதங்களில் வயிற்றின் பாரத்தால் மீண்டும் வரும். இவை இயற்கை. நடு மாதங்களிலும் தணியாத அயர்வு, சிறிது நடந்தாலே இளைப்பு, நெஞ்சுப் படபடப்பு, இமையின் உட்புறமும் நாவும் வெளுத்தல் ஆகியன காணின், ரத்தக் குறைவென்று ஐயுற வேண்டும். கர்ப்பத்தில் ரத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. அதற்குரிய இரும்புச் சத்தைச் சோறும் ரசமும் மட்டும் தாரா. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேர் ரத்தக் குறைவுடையவராகக் காணப்பட்டனர். சோம்பேறி என்று ஏச்சுக் கேட்டவர் இவர்களுள் எத்தனை பேரோ!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சிகிச்சை வேண்டும். குறையில்லாதவரும் நான்காம் மாதம் முதல் 180 நாள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நாள்தோறும் உண்ணல் வேண்டும். மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சிப் பலர் மாத்திரையைப் பரண்மேல் போட்டுவிடுகின்றனர். அக்கறுப்பு இரும்பினால் வருவது, தீங்கற்றது. காப்பி, தேநீர், பாலுடன் மாத்திரையை விழுங்கினால் பயன் குன்றும். எலுமிச்சைச் சாறு துணை செய்யும். வெறுங்காலுடன் நடப்போர்க்குக் கொக்கிப்புழுவும் ரத்தத்தை உறிஞ்சும். அதற்குரிய மருந்தை முதல் மூன்று மாதம் கழிந்தபின் வைத்தியர் தருவார்.

இனி, உழைப்பைப் பற்றி. நாற்று நடும் பெண்ணுக்கு வேறு தேகாப்பியாசம் எதற்கு எனலாம். நாள் முழுதும் குனிந்து நிற்பதும் கனத்த சுமை தூக்குவதும் உடலை வருத்துமேயன்றி வலுப்படுத்தா. நலமுள்ள கர்ப்பிணி வாரம் 150 நிமிஷம் மிதமாக உடலை இயக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. அதாவது, வெயில் தாழ்ந்தபின் நாளும் அரைமணிக்குச் சற்றுக் குறைந்த நடை. மூச்சு வாங்காது பேசிக்கொண்டே நடக்க இயல வேண்டும். ரத்தப் போக்கோ ரத்த அழுத்த மிகுதியோ கடும் ரத்தக் குறைவோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

இரவில் 8 மணி நேரத் தூக்கமும் பகலில் 2 மணி நேர ஓய்வும் தேவை. இடப்புறம் சாய்ந்து படுத்தல் நலம். அவள் படுத்திருக்கையில் தண்ணீர்க் குடத்தை எடுப்பவர் யார், மாட்டுக்குத் தீனி வைப்பவர் யார் என்பதைக் கணவனும் மாமியாரும் முன்னரே தீர்மானித்தாலன்றி இந்த ஓய்வு ஏட்டுச் சுரைக்காயே.

சும்மா இருக்கையிலும் மூச்சுத் திணறல், தாங்காத தலைவலியுடன் பார்வை மங்குதல், முகம் வீங்குதல், ரத்தப் போக்கு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழைத்தல் வேண்டும்.